முன்பணம்

எர்ணாவூர் வீட்டை விற்ற பணத்தில்
பத்தாயிரத்தை மட்டும் தனியே எடுத்து
பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்தேன்,
ஏரியில் விழுந்தாலும் நனையாதபடி.
இரண்டு திட்டுகளில் எது பிடிக்கிறதோ
அங்கே கொடுத்துவிட்டு வருவதாக ஏற்பாடு.

குணாளனுக்கு இரண்டுமே பிடிக்கும் என்று தெரியும்.
சட்டைத்துணி எடுக்கப் போனாலும் இப்படித்தான்.

முதலில் கோரைமேடு.
தமிழ்நாட்டுக் கணக்கில் கடைசித் தரை.
கன்னியப்பன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.
புதுச் சுண்ணாம்பு, புது மீட்டர்,
குளியலறையில் நீலத் தொட்டி.
"எத்தினி பசங்க?"
இல்லை என்றேன்.
"அதனால இன்னா" என்றார் உடனே.
அந்த உடனே எனக்குப் பிடித்தது.

நூலகம் என்று ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறார்கள்.
உள்ளே பழைய வாரப் பத்திரிகைகள்,
ஒரு தொடர்கதையின் மூன்றாம் அத்தியாயம்வரை.
நான்காவது இங்கே யார் வீட்டிலோ இருக்கும்,
கேட்டு வாங்கிவிடலாம் என்று
அப்போதே மனதுக்குள் பால் காய்ச்சிவிட்டேன்.

அவரிடமும் எல்லாரும் பேசினார்கள்.
சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.
துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம்
கிரேன் ஓட்டிய காது.
இடது சுத்தம்.
வலதில் குழாய்க்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது மாதிரி.
என் உதட்டைப் படிப்பார்.
மற்றவர் உதடெல்லாம் டாக்டர் கையெழுத்து.
"போன மாசம் எங்க அண்ணன் தவறிட்டாரு"
என்று கன்னியப்பன் சொன்னதற்கும்
சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

நான் நீலத் தொட்டியின் விலையைக் கேட்டேன்,
சத்தமாக.

அப்புறம் கொங்கலதிப்பா.
நடு ஏரியில் கைப்பேசி ஆந்திராவுக்கு வரவேற்றது.
தண்ணீரில் கோடு ஒன்றும் காணோம்.
பெஞ்சலய்யா சேற்றில் கோலூன்றித் தள்ளி
ஆழம் வந்ததும் எஞ்சினை முடுக்கினார்.
அந்தச் சத்தத்தில் யாரும் வாயைத் திறப்பதில்லை.
எதிர்ப் படகில் போன பெண்
இரண்டு விரலை மடக்கிக் காட்ட
இவர் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார்.

"இறால் படலையாம்" என்றார் குணாளன்.
அவர், எனக்கு, சொன்னார்.

கீழே நிற்பவன் கையைப் பார்த்தே
தூக்கியவர், இறக்கியவர், அந்தரத்தில் நிறுத்தியவர்.
எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.
முப்பத்தோரு வருஷமும் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

வீடு சுமார்தான்.
மழை வந்தால் எங்கே பாத்திரம் வைக்க வேண்டும் என்று
தரையிலேயே வட்டம் வட்டமாகத் தடம்.
இருக்கிற ஒரே ஜன்னலும் ஏரியைப் பார்க்காமல்
பக்கத்து வீட்டு மாட்டைப் பார்க்கிறது.
தண்ணீரும் கரிப்பு.
ரமணம்மா தெலுங்கில் நிறுத்தாமல் ஓடினாள்.
இல்லு பிடித்தேன், நீள்ளு பிடித்தேன்,
மீதியெல்லாம் விரலிடுக்கில் போயிற்று.
சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.
ஏதாவது ஒரு சாவுக்கும் ஆட்டியிருப்பேன்.

வெளியே ஆறேழு பேர் படகைக் கரைக்கு இழுத்தார்கள்.
இவர் எப்போது போய்ச் சேர்ந்தாரோ தெரியாது.
கயிறு ஒருபக்கமாகச் சாய,
கையை உயர்த்தி விரல்களை மடக்கினார்.
எல்லாரும் நின்றார்கள்.
கட்டைவிரலால் இடது பக்கம் காட்டினார்.
இழுத்தார்கள்.

அவர் சொல்லி யாராவது கேட்டு
மூன்று வருஷம் இருக்கும்.

கோரைமேட்டில் நான்காம் அத்தியாயம்
யார் வீட்டுப் பரணிலோ கிடக்கட்டும்.
கன்னியப்பனுக்கு என்ன சொல்வது என்று
திரும்பும்போது யோசித்துக்கொள்ளலாம்.
ஜாக்கெட்டுக்குள்ளிருந்து உறையை எடுத்தேன்.

ரமணம்மா விரலில் எச்சில் தொட்டு
எண்ண ஆரம்பித்தாள்.
ஒகட்டி.
ரெண்டு.
இது எனக்குத் தெரிந்தது, நானும் கூடவே சொன்னேன்.
மூடு, என்றாள்.
என் வாயைத்தான் சொல்கிறாள் என்று
மூடிக்கொண்டேன்.